மேகலாவின் பெட்டியும் பவுல்ராஜ் சாரின் தொண்டையும்

பாலசமுத்திரம்
19.2.1999

லிடியாக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால், "மூணாங்கிளாஸ் பிள்ளைகூட இப்படித்தான் எழுதும் ஜோதி" என்று கேலி செய்வீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். நேற்று டிவியில் மேகலா பார்த்தீர்களா?

வீடு மாறி வந்து இரண்டு மாதமாகியும் வியாழக்கிழமை எட்டு மணியானால் எனக்குக் காது சுவரிடம் போய்விடுகிறது. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் நீங்கள் அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டுவீர்கள், நான் அடுப்பை அணைத்துவிட்டு உங்கள் வீட்டு டிவிக்கு ஓடிவருவேன். பாண்டியராஜைப் பழனி கிளைக்கு மாற்றி என் குடித்தனத்தைக் கிளப்பிய அந்த பேங்க் மேனேஜர் நன்றாக இருக்கட்டும். இங்கே சொந்த டிவி வாங்கிவிட்டோம், ஆனால் கூட உட்கார்ந்து திட்டுவதற்கு ஆள் இல்லை. வீட்டுக்காரம்மா வந்து உட்காருகிறார். இந்தப் பக்கத்து ஆட்கள் மரியாதையாலேயே ஆளைக் கொன்றுவிடுவார்கள். "ஏனுங்க, மேகலா வூட்டுக்காரரு உசுரோட இருக்கறாருங்களா?" என்று கேட்கிறார். பெண்டாட்டியை விட்டு ஓடிப்போனவனுக்கும் 'ங்க'தான்.

நேற்றும் அதே கூத்துதான். அந்த மனுஷன் தகரப் பெட்டியை வைத்துவிட்டுக் காணாமல் போய் இரண்டு வருஷமாகிறது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல டைரக்டருக்கு மனசு வரவில்லை. மாமியார் சாவியை எடுத்தாள், பூட்டில் வைத்தாள், இடி இடித்தது, அவள் மூஞ்சியை மூன்று பக்கமிருந்தும் காட்டினான், தொடரும் போட்டுவிட்டான். நான் இன்னமும் எலும்பு என்றுதான் சொல்கிறேன். நீங்கள் மூத்த தாரத்தின் நகை என்றீர்கள். உங்கள் வீட்டு பவுல்ராஜ் சார் மட்டும், "பழைய வேட்டி சட்டையா இருக்கும், சும்மா இருங்கத்தா" என்றார்.

சாருக்குத் தொண்டை சரியாகிவிட்டதா? பொங்கலுக்கு நாங்கள் அங்கே வந்தபோதே கரகரவென்று பேசினாரே. பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் கொடுங்கள். இரண்டு மாதத்தில் ஒரு கடிதம்கூடப் போடாத கல்நெஞ்சக்காரியே, இதற்காவது பதில் போடுங்கள்.

நாகஜோதி

*

திண்டுக்கல்
27.2.1999

அன்புள்ள ஜோதி,

இனி மேகலாவைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட எழுதாதே. கோபமில்லை. காரணம் சொல்கிறேன்.

உன் சாருக்குத் தொண்டை சரியாகவில்லை. இங்கே டாக்டர் கண்ணாடி விட்டுப் பார்த்துவிட்டு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே குரல் நாணில் ஏதோ வளர்ந்திருக்கிறது என்றார்கள். மயக்கம் கொடுத்து ஒரு துணுக்கு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சீட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். இவருடைய சித்தப்பா பிரான்சிஸ் தொண்டையில் வந்துதான் போனார் என்பது உனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது ஜோதி. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

முடிவு வரும்வரை பேசவே கூடாது என்று உத்தரவு. கோயிலில் முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுக்கிற மனுஷன், பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரெட்டியார்சத்திரம் பள்ளிக்கு லீவு போட்டாயிற்று.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு அந்தோனியார் முன்னால் நின்றேன். தவக்காலத்துக்கு எல்லோரும் கறியை ஒறுப்பார்கள். கறியை விடுவது எனக்குப் பெரிதில்லை. எனக்கு ரொம்பப் பிரியமானது எது என்று யோசித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, மேகலாதான் வந்தாள். அதையே நேர்ந்துகொண்டேன். முடிவு தெரியும்வரை அந்தத் தொடரைப் பார்ப்பதில்லை, அதைப் பற்றிக் கேட்பதுமில்லை. முடிவு நல்லபடியாக வந்தால், அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குச் சாகும்வரை தெரியவே வேண்டாம்.

உன் கடிதத்தில் மேகலா பெயரைப் பார்த்ததுமே மடித்து இவரிடம் கொடுத்துவிட்டேன். இவர் கறுப்பு மையால் அந்த வரிகளை எல்லாம் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மிஞ்சியது 'ங்க'வும் மிளகுப் பாலும்தான். இந்த மனுஷன் மட்டும் வியாழக்கிழமை ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். என்ன இது என்று கேட்டால், "நீதானே நேர்ந்துகிட்ட, நானா?" என்று சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். நான் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்கிறேன். பாதிச் சிந்தனை ஹாலில்தான் இருக்கிறது. அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

எங்களுக்காக வேண்டிக்கொள்.

லிடியா

*

பாலசமுத்திரம்
6.3.1999

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன். அழுது முடித்ததும் உங்கள் மேல் கோபம் வந்தது. பொங்கலுக்கு அடுத்து நடந்தது எல்லாம் இப்போதுதான் எனக்குச் சொல்ல வேண்டுமா? ஒரே சுவரில் ஐந்து வருஷம் இருந்தோம். என் பிரசவத்துக்கு என் அம்மா வந்து சேருவதற்கு முன்னால் நீங்கள்தான் ஆஸ்பத்திரியில் நின்றீர்கள். உங்களுக்கு ஒன்றென்றால் நான் யாரோவா?

திட்டியாயிற்று. இனி மற்றதைப் பேசுகிறேன்.

எங்களில் மொட்டை போடுவார்கள், தீச்சட்டி எடுப்பார்கள், ஒன்றும் முடியாதவர்கள் சேவலாவது விடுவார்கள். டிவி சீரியலை நேர்ந்துகொண்ட ஆள் இந்த ஜில்லாவிலேயே நீங்கள் ஒருத்தர்தான் இருப்பீர்கள். பாண்டியராஜிடம் சொன்னேன், முதலில் சிரித்தார். பிறகு, "அக்காவுக்கு அது எம்புட்டுப் பெருசுன்னு நமக்குத்தான தெரியும்" என்றார். அதுவும் சரிதான். பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்த அன்றுகூட, "செத்த நேரம் இரு, இந்தா மாமியார் சாவியை எடுத்துட்டா" என்று சொன்னவர் நீங்கள்.

நானும் நேர்ந்துகொண்டேன். சாருக்கு நல்ல செய்தி வந்தால் பழனி மலையேறி நாலு கத்தை முடி வெட்டிப் பூமுடி கொடுக்கிறேன் என்று. உங்கள் சாமி ஒரு பக்கம் பிடிக்கட்டும், எங்கள் முருகன் மறுபக்கம் பிடிக்கட்டும். கேஸ் இரண்டு வக்கீலிடம் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

போன வியாழக்கிழமை... இல்லை, ஒன்றுமில்லை. எழுதவில்லை. பேனாவைப் பிடித்து நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

முடிவு வந்த அன்றே எழுதுங்கள். பக்கத்து வீட்டில் போன் இருக்கிறது, ஆனால் அவர்கள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டுதான் பேச விடுவார்கள். கடிதமே போதும், ஆனால் சீக்கிரம்.

ஜோதி

*

திண்டுக்கல்
20.3.1999

அன்புள்ள ஜோதி,

இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

பத்து நாளில் வரும் என்றார்கள். போனோம். தெளிவாக இல்லை, இன்னொரு டாக்டர் பார்க்க வேண்டும் என்றார்கள். மறுவாரம் போனோம். சாம்பிளைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறோம், ஈஸ்டர் கழித்து வாருங்கள் என்றார்கள். அந்த டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் எடுப்பார், கண்ணாடியை மாட்டுவார், எங்கள் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் மூடி வைத்துவிடுவார். வெளியே வந்ததும் உன் சார் சிலேட்டில் பெரிதாக 'தொடரும்' என்று எழுதிக் காட்டினார். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவரைத் திட்டினேன். பிறகு பஸ் ஸ்டாண்டு வரை அவர் கையை விடவில்லை.

எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் இருக்க முடியவில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி கடைசி வாரமாம், அன்றைக்குப் பெட்டியைத் திறக்கப்போகிறார்களாம், பேப்பரில் படம் போட்டுவிட்டான். டெய்சி டீச்சர் மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் மேகலா பேச்சைத் தொடங்குகிறாள். நான் என் சோற்றைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். மூணாங்கிளாஸ் பிள்ளைகளும் அதைத்தான் பேசுகிறார்கள்.

பொறுக்க முடியாமல் எங்கள் பங்குக் கோயில் சாமியாரிடம் போய்க் கேட்டேன். நான் பார்க்காமல், வேறு யாராவது பெட்டிக்குள் இருந்தது இன்னது என்று சொல்லி என் காதில் விழுந்துவிட்டால் நேர்ச்சை முறிந்துவிடுமா என்று. அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "எந்தத் தொடரும்மா? மேகலாவா? ஏம்மா, அந்தப் புருசன் செத்துட்டானா இருக்கானா?" என்றார். அப்புறம் அவரே சுதாரித்துக்கொண்டு, காதால் கேட்டாலும் தெரிந்துகொண்டதாகத்தான் ஆகும் என்றார். கஷ்டமாக இருந்தால் வேறு ஒறுத்தலாக மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை என்றும் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். முடிவு வராத நேரத்தில் கொடுத்த வாக்கை மாற்றினால், அந்தப் பக்கமும் மாற்றிவிட்டால் என்ன செய்வேன்?

இரண்டு வருஷம் நான் அந்த டைரக்டரை எத்தனை முறை வைதிருப்பேன், இழுக்கிறான் இழுக்கிறான் என்று. அதெல்லாம் விளையாட்டுக் கோபம் என்று இப்போதுதான் தெரிகிறது. மற்றவர்கள் கதை தாமதமானால் எரிச்சல்தான் வருகிறது. நம் கதை தாமதமானால் ராத்திரித் தூக்கமே போய்விடுகிறது. காலையில் இவர் எழுந்திருப்பதற்கு முன்னால் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், அதில் என்ன தெரியப்போகிறது!

கடைசி வாரத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதிவிடாதே.

லிடியா

*

பாலசமுத்திரம்
2.4.1999

அக்கா,

மதுரைக்குப் போய் முடிவு தெரிந்த பிறகு, பயப்படாமல் படியுங்கள். சாரிடம் கறுப்பு மைக்குக் கொடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தில் உங்கள் நேர்ச்சைக்கு ஒரு பங்கமும் வராது. பாண்டியராஜிடமும் கேட்டுவிட்டேன். "பெட்டிக்குள்ள என்னன்னு தெரியக் கூடாதுன்னுதான அக்கா வேண்டியிருக்காங்க? உனக்கே தெரியாதத நீ எப்படிச் சொல்ல முடியும்?" என்றார்.

ஆமாம் அக்கா. பெட்டியைத் திறக்கவே இல்லை.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். நேற்று எங்கள் வீட்டில் கூட்டம். வீட்டுக்காரம்மா, அவர் மருமகள், எதிர்வீட்டு மூக்காயி, அவள் புருஷன் எல்லோரும் ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மா ஒரு தூக்குவாளி நிறைய உப்புமா கொண்டுவந்தார். மேகலாவின் புருஷன் வந்துவிட்டான், அக்கா! தாடியோடு, இரண்டு வருஷம் எங்கே போனான் என்று ஒரு வார்த்தை சொல்லாமல். மேகலாவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். அவன் சாவியைப் பூட்டில் வைத்தான். இங்கே எல்லோரும் டிவிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தோம். மேகலா அவன் கையைப் பிடித்து, "சில பெட்டிகள் மூடியே இருக்கட்டும்" என்றாள். பெட்டியைக் கடலில் தள்ளிவிட்டார்கள். முற்றும்.

வீட்டுக்காரம்மா டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவ்வளவுதானுங்களா?" என்றார். என்னவோ நான் ஒளித்து வைத்துக்கொண்டதுபோல. மூக்காயிதான் எழுந்து, "கட்டையில போறவனே, ரெண்டு வருசம் சோறாக்காமக் குந்தியிருந்தேனேடா!" என்று டிவியைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினாள். அவள் புருஷன், "எனக்குத் தெரியும், பட்டினி கெடந்தது நாந்தான" என்றான். ஏப்ரல் ஒன்றாம் தேதி என்று தேதி போட்டபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் அக்கா. எல்லோரும் போன பிறகு யோசித்தேன், நான் உண்மையில் காத்திருப்பது அந்தப் பெட்டிக்கு இல்லை. உங்களிடமிருந்து இரண்டு வாரமாகக் கடிதம் இல்லை. நீங்களும் எனக்குத் தொடரும் போட்டால் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவேன், சொல்லிவிட்டேன்.

ஜோதி

*

திண்டுக்கல்
7.4.1999

ஜோதி,

ஒன்றுமில்லை. புற்று இல்லை. உன் சார் நன்றாக இருக்கிறார்.

முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

திங்கட்கிழமை மதுரைக்குப் போனோம். டாக்டர் வழக்கம்போல ரிப்போர்ட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டி, "இந்தக் குரல் நாண் இருக்கு பாருங்கம்மா..." என்று ஆதியிலிருந்து தொடங்கினார். என்னால் முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். "சார், பாடம் அப்புறம் நடத்துங்க. இருக்கா, இல்லையா, அத மட்டும் மொதல்ல சொல்லுங்க" என்றேன். வகுப்பில் பிள்ளைகளிடம் பேசும் குரலில் சொல்லிவிட்டேன் போல. அவர் கண்ணாடியைக் கழற்றி, "இல்லம்மா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் வந்து தண்ணீர் கொடுத்தாள்.

வெறும் காய்ப்பாம், உன் சார்தான் பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டினார். மண்வெட்டி பிடிப்பவன் கையில் வருவதுபோல, கத்திக் கத்தித் தொண்டையில் வந்திருக்கிறது. பகலெல்லாம் வகுப்பு, சாயங்காலம் பாட்டுப் பயிற்சி. இன்னும் ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம். இந்த ஈஸ்டருக்குப் பாடகர் குழு இவர் இல்லாமல் பாடியது. இவர் கூட்டத்தில் என் பக்கத்தில் நின்று உதட்டை மட்டும் அசைத்தார். அப்போது முடிவு தெரியாது. இனிமேல் இப்படித்தானோ என்று நினைத்து அந்தப் பூசை முழுக்கத் தலையை நிமிர்த்தவில்லை நான்.

மதுரையிலிருந்து வந்த மறுநாள் உன் கடிதம் கிடைத்தது. மூக்காயி கத்தியதைப் படித்துச் சிரித்தேன். இவர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

அப்புறம் ராத்திரி படுத்தபோது ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நான் எதை நேர்ந்துகொண்டேன்? பெட்டிக்குள் இருப்பது தெரியாமலே இருக்கட்டும் என்று. அது இந்த நாட்டில் யாருக்குமே தெரியவில்லை. நான் எதையும் இழக்கவில்லை ஜோதி. டெய்சி டீச்சருக்கும் எனக்கும் இப்போது என்ன வித்தியாசம்? ஒன்றுமே இல்லாத சரக்கைக் கொடுத்து உயிரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வேறு ஏதாவது கொடுக்கட்டுமா? காப்பியை விட்டுவிடவா? இதை இவரிடம் சொன்னால் சிரிப்பார். சாமியாரிடம் போனால் மேகலா கதையைக் கேட்பார். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

லிடியா

*

பாலசமுத்திரம்
14.4.1999

அக்கா,

வருஷப்பிறப்பு அன்று காலையில் மலையேறிப் பூமுடி கொடுத்துவிட்டு வந்து, தலை காயக் காய எழுதுகிறேன். உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரம்மா தோசைக்கரண்டியோடு ஓடிவந்துவிட்டார்.

உங்கள் பயத்துக்கு மலைமேலேயே பதில் கிடைத்தது. பாண்டியராஜ் மொட்டையே போட்டார், என்னிடம் சொல்லாமல் சாருக்காக நேர்ந்திருக்கிறார். முடியெடுக்கிற மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். முடியெடுக்கிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ஏனுங்க, கடைசீல அந்தப் பொட்டில என்னதானுங்க இருந்துச்சு? அன்னிக்குக் கரண்ட்டு போச்சுங்க" என்றார். இவர், "ஒங்களுக்குக் கரண்டு போச்சு, எங்களுக்கு ரெண்டு வருசமே போச்சுங்க" என்றார். மண்டபமே சிரித்தது.

அங்கே ஆயிரம் பேர் மொட்டை. அந்த முடி எல்லாம் ஆடி மாதத்துக்குள் திரும்ப வளர்ந்துவிடும். அதற்காக முருகன் ஏமாந்துபோனார் என்று யாராவது சொன்னதுண்டா? கொடுக்கும்போது தலையில் இருந்ததா, கத்தி பட்டதா, அவ்வளவுதான் அக்கா பேச்சு. நீங்கள் கொடுத்தபோது அந்தப் பெட்டிக்குள் எலும்பும் இருந்தது, நகையும் இருந்தது, சாரின் பழைய வேட்டியும் இருந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்த வியாழக்கிழமை ஒவ்வொன்றும் நிஜம். கடலில் தள்ளியது டைரக்டர் பண்ணிய பாவம், உங்கள் கணக்கில் வராது.

நாங்கள் பார்த்ததில் எங்களுக்கு என்ன மிச்சம்? நாங்களும் அதே வியாழக்கிழமைகளைத் தொலைத்தோம், யாருக்கும் ஒரு நன்மையும் இல்லாமல். உங்களுடையது மட்டும்தான் உருப்படியாகச் செலவானது. அதனால் ஒழுங்காகக் காப்பி குடியுங்கள். பசி தாங்காத பொம்பளை, காப்பியையும் விட்டால் மூணாங்கிளாஸ் பிள்ளைகள் பாடு திண்டாட்டம்.

ஜோதி

*

திண்டுக்கல்
21.5.1999

அன்புள்ள ஜோதி,

காப்பி குடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அதைச் சாமியாரிடமும் காட்டினேன். "இந்தப் பொண்ண நம்ம மறைக்கல்வி வகுப்புக்கு டீச்சரா அனுப்ப முடியுமா?" என்று கேட்டார்.

போன வாரம் டாக்டர் உன் சாரைப் பேசச் சொல்லிவிட்டார். பாட்டு இப்போதைக்குக் கிடையாது. தினமும் கொஞ்ச நேரம் மட்டும், மெல்லிய குரலில், கத்தாமல் பேசலாம். முதல் நாள் என்ன பேசப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன். ஜெபம் சொல்வார் என்று நினைத்தேன், என் பெயரைச் சொல்வார் என்றும் ஓர் ஆசை. இரண்டும் இல்லை. சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். நான் பார்க்காமல் விட்ட மேகலா கதையை முதல் வாரத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். அவ்வளவு நாளும் தனியாக உட்கார்ந்து பார்த்தது எனக்குச் சொல்வதற்காகத்தானாம்.

குரல் மாறிவிட்டது ஜோதி. பழைய கணீர் இல்லை. அடியில் ஒரு கரகரப்பு இருக்கிறது, நடுவில் சில எழுத்து காற்றாகப் போய்விடுகிறது. மாமியார் மாதிரி பேசிக் காட்டுகிறார், இடிச் சத்தத்துக்கு மேசையைத் தட்டுகிறார். டிவிக்காரன் அரை மணி நேரத்தில் காட்டியதை இவர் மூன்று நாள் இழுக்கிறார். சரியாக மாமியார் சாவியைக் கையில் எடுக்கும்போது, இன்றைக்குப் பேச்சு அளவு முடிந்துவிட்டது என்று கையைக் காட்டி எழுந்து போய்விடுகிறார்.

அந்தக் கதை எங்கேயும் போய்ச் சேராது என்று எனக்குத் தெரியும். பெட்டி திறக்காது, புருஷன் எங்கே போனான் என்று சொல்லமாட்டான், எல்லாம் கடலுக்குத்தான் போகப்போகிறது. இருந்தாலும் நேற்று அவர் நிறுத்தியதும், "அப்புறம்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நாளைக்கு" என்றார். இந்தக் கதை சீக்கிரத்தில் முடிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்து கேட்கிறேன்.

லிடியா